அழித்த கேள்விக்குறிகள்

கடந்த இரண்டு மாதங்களில் நான்கு வீடியோ கேம்களை ஆடி முடித்திருக்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதி முடித்திருக்க வேண்டிய மாதங்கள் அவை. விடுதி அறையில் பின்னிரவு வரை விளக்கெரிவதைக் கண்டு, "எழுத்து வேலை நன்றாக நடக்கிறது போலும்" என்று கேட்ட நண்பர்களிடம் தலையசைத்துவைத்தேன். அந்தப் பொய்க்கு ஈடாக இந்த நீண்ட பதிவு.

ஆடிய நான்குமே மொழியையோ எழுத்தையோ புதிராக ஆக்கியவை. பொழுதுபோக்குக்காகத் தொடங்கியவன், நாலாவதை முடித்தபோது என் சொற்கோவையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். முதுகலையில் மொழியியல் படித்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பாடவேளைகூட இத்தகைய விளையாட்டுகளைப் பற்றிப் பேசப்பட்டதாக நினைவில்லை. பேசியிருக்கலாம் என்பதே என் கருத்து. அவை மொழியைச் சரியாகக் காட்டுகின்றன என்பதற்காக அன்று. எங்கே தவறாகக் காட்டுகின்றனவோ அதே இடத்தில் நாமும் தவறுகிறோம் என்பதற்காக.

முதலில் ஆடியது 'சாண்ட்ஸ் ஆஃப் செனார்'. பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள ரண்டிஸ்க் என்னும் மிகச் சிறிய குழு உருவாக்கி 2023 செப்டம்பரில் வெளிவந்தது. பாபேல் கோபுரக் கதையை அடியொற்றியது. ஒரு பெருங்கோபுரத்தின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு மக்கள் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மொழி. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. பெயரற்ற பயணியாக நாம் கீழ்த்தளத்தில் கண்விழிக்கிறோம். மனிதர்கள் நம்மிடம் குறியீடுகளில் பேசுகிறார்கள். அவர்கள் செய்வதையும் சுவரில் எழுதியிருப்பதையும் பார்த்து, இந்தக் குறி 'கதவு', அது 'திற' என்று ஊகித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மொழியியல் மாணவருக்கு இதில் கிடைக்கும் இன்பத்தை எளிதில் விளக்கிவிட முடியாது. முதல் தளத்து மக்கள் பன்மையைக் காட்ட ஒரே குறியை இருமுறை எழுதுகிறார்கள். மலாய் மொழி 'மனிதர்கள்' என்பதற்கு 'ஓராங்' என்ற சொல்லை இரட்டிப்பது உடனே நினைவுக்கு வந்தது. அடுத்த தளத்தில் பன்மைக்கெனத் தனிக்குறி வந்துவிடுகிறது. அதற்கும் மேலே சொல்வரிசையே மாறி, செயப்படுபொருள் முன்னே வந்து நிற்கிறது. ஒரு தளத்தில் பழகிய இலக்கணத்தை அடுத்த தளத்துக்குச் சுமந்துசெல்லும் மாணவனை இந்த விளையாட்டு அழகாகத் தடுக்கி விழவைக்கிறது. அதைவிடக் கூர்மையானது, மக்கள் ஒருவரையொருவர் அழைக்கும் பெயர்கள். கீழ்த்தளத்தில் இறைவழிபாட்டில் வாழ்பவர்களை மேல்தளத்து வீரர்கள் குறிக்கும் சொல்லுக்கு 'தூய்மையற்றோர்' என்று பொருள். ஒரு சாராரின் பெயரை அவர்களிடமே கேட்டோமா, அண்டை ஊராரிடம் கேட்டோமா என்பது நம் நாட்டு மொழிப் பட்டியல்களில் எத்தனை புண்களை உண்டாக்கியிருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு அந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

ஆனால் இந்த விளையாட்டின் அடிப்படை விதி ஒன்று உண்டு. குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் சில ஓவியங்கள் இருக்கும். அவற்றுக்குரிய குறிகளையெல்லாம் சரியாகப் பொருத்திவிட்டால் விளையாட்டு அந்தப் பக்கத்தை உறுதிசெய்துவிடும். அதன்பின் அந்தச் சொற்களின் பொருள் மாறாது, ஐயமும் இராது. அந்த நொடியில் எழும் நிறைவு சிறியதன்று. நள்ளிரவில் தனியே நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டியிருக்கிறேன். மறுநாள் காலையில்தான் ஒரு சிறு கசப்பு தொடங்கியது. மூன்றாண்டுக் களப்பணியில் ஒருநாளும் யாரும் என் பக்கத்தை அப்படி உறுதிசெய்து தந்ததில்லை.

நான் ஆய்வு செய்வது மத்திய இந்தியாவில் சில ஆயிரம் பேர் பேசும் எழுத்துருவற்ற ஒரு திராவிட மொழியை. மொழியின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். அம்மக்களைப் பற்றி ஆய்வேட்டில் எழுத இசைவு பெற்றிருக்கிறேனே அன்றி, முகநூலில் எழுத அன்று. முதல் பயணத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தேன். அவருக்குத் தெலுங்கு அதிகம் வராது. எனக்கு அவர் மொழி சிறிதும் வராது. கால் ஒன்று முறிந்து, செங்கல் முட்டுக்கொடுத்து நின்ற கயிற்றுக்கட்டிலைச் சுட்டிக்காட்டினேன். அவர் ஒரு சொல் சொன்னார். 'கட்டில்' என்று எழுதிக்கொண்டேன். ஒலிப்பதிவும் தெளிவாக இருந்தது. ஒலியன் ஆய்வில்கூட அந்தச் சொல்லை எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிட்டேன்.

பிறகு வீடு வீடாகச் சென்று, "உங்கள் கட்டில் எங்கே?" என்று அவர்கள் மொழியிலேயே பெருமையோடு கேட்டுவந்தேன். சிலர் புன்னகைத்தார்கள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் உள்ளே சென்று விரிசல் விட்ட பானையொன்றை எடுத்துவந்து காட்டினார். 'பெரியவருக்குக் காது சற்று மந்தம்' என்று என் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் மாதத்தில், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி என் கேள்வியைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூதாட்டி அன்று சொன்ன சொல்லுக்கு 'உடைந்துவிட்டது' என்று பொருள். உட்கார வந்த விருந்தாளி விழுந்துவிடக்கூடாதே என்று அவர் எச்சரித்திருக்கிறார். நான் அந்த எச்சரிக்கையைப் பெயர்ச்சொல்லாக்கி, ஊரெல்லாம் போய் "உங்கள் வீட்டு உடைந்தது எங்கே?" என்று கேட்டிருக்கிறேன். காது மந்தமானவர் அந்தப் பெரியவர் அல்லர்.

1960-ல் குவைன் எழுதிய 'காவகாய்' உதாரணத்தை நாமெல்லோரும் முதல் பருவத்திலேயே படித்திருக்கிறோம். ஒரு முயல் ஓடுகிறது. அருகிலிருப்பவர் 'காவகாய்' என்கிறார். அது முயலா, முயலின் ஒரு பகுதியா, முயல் தோன்றிய கணமா என்று அயலவனால் உறுதிசெய்ய இயலாது. தேர்வில் அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் குவைனின் உதாரணத்தில் இல்லாத ஒன்றை அந்த ஊர் எனக்குக் கற்றுத்தந்தது. தவறு திருத்தப்படாமல் நான்கு மாதம் நீடித்ததற்குக் காரணம் மொழியின் இயல்பு மட்டும் அன்று, மரியாதையும்தான். தொலைவிலிருந்து வந்த படித்தவனைத் திருத்துவது முறையன்று என்று பெரியவர்கள் எண்ணினார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு ஒருத்திக்கு நான் நெருங்கியவனான பின்பே எனக்கு உண்மை கிடைத்தது.

இரண்டாவதாக ஆடிய 'ஹெவன்ஸ் வால்ட்' இந்த வகையில் நேர்மையானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்க்கிள் நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. அலியா எலாஸ்ரா என்னும் தொல்லியலாளர், சிக்ஸ் என்று தாம் பெயரிட்ட எந்திரத் துணையுடன், விண்வெளியில் நதிகளாக ஓடும் பாதைகளில் பயணித்து, மறைந்துபோன ஒரு நாகரிகத்தின் எழுத்துகளைப் படிக்க முயல்கிறார். இங்கே ஒரு கல்வெட்டைப் பார்த்து நாம் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால், அது சரியா தவறா என்று விளையாட்டு உடனே சொல்லாது. ஊகம் ஊகமாகவே நிற்கும். அதே சொல் வேறு இடங்களில், வேறு பொருள்களின்மேல் எழுதப்பட்டுக் கிடைக்கும்போது அலியாவே ஐயுறுவார். சில ஊகங்களை உறுதிசெய்வார், சிலவற்றைக் கைவிடுவார். அதுவரை தவறான வாசிப்பின்மேலேயே நாம் உரையாடிக்கொண்டும், முடிவெடுத்துக்கொண்டும், வரலாறு சமைத்துக்கொண்டும் இருப்போம். ஒரு முறை ஆடி முடித்துவிட்டு மீண்டும் தொடங்கினால், கற்ற சொற்கள் கைவசம் இருக்க, கல்வெட்டுகள் முன்னைவிட நீளமாக வரும். ஒரே தரவுக்கு இரண்டாம் முறை திரும்பிவரும் ஆய்வாளனின் அனுபவத்தை இதைவிடச் சரியாகக் காட்டிய புனைவை நான் கண்டதில்லை.

அவ்வப்போது வேகம் குறைந்து அலுப்புத் தட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நதிப்பயணங்கள் நீளமானவை. ஆனால் அந்த அலுப்புக்கு நடுவே எனக்கு ஆலிஸ் கோபர் நினைவுக்கு வந்தார். லீனியர் பி எழுத்தைப் படித்தவர் என்று உலகம் மைக்கேல் வென்ட்ரிஸைக் கொண்டாடுகிறது. 1952-ல் அவர் அதன் மொழி பழங்கிரேக்கம் என்று அறிவித்தது கொண்டாடத்தக்கதே. அதற்கு முன் பல ஆண்டுகள் அவரே அம்மொழி எத்ருஸ்கனுக்கு உறவானது என்று நம்பிக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் கல்லூரி ஆசிரியராக இருந்த கோபரோ, எந்த ஒலியையும் எந்த மொழியையும் ஊகிக்க மறுத்தார். போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில் கிடைத்த காகிதங்களையெல்லாம் அட்டைகளாக வெட்டி, எந்தக் குறி எந்தக் குறியோடு வருகிறது என்று குறித்து, சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். அப்படிச் சேர்ந்தவை சுமார் 1,80,000 என்பார்கள். சொற்களின் ஈறுகள் ஓர் ஒழுங்கோடு மாறுகின்றன, ஆகவே இது விகுதி ஏற்கும் மொழி என்று நிறுவினார். விடை தெரிவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1950-ல், மறைந்தார். அவருடைய பக்கத்தை அவர் வாழ்நாளில் யாரும் உறுதிசெய்யவில்லை. உறுதி கிடைக்காத இடத்தில் உறுதியைப் புனைந்துகொள்ளாமல் இருந்ததே அவருடைய சாதனை.

சிந்துவெளி எழுத்தைப் பற்றி நம் சமூக ஊடகங்களில் மாதத்துக்கொரு 'முழுத் தீர்வு' வெளியாகும் காலத்தில் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1977-ல் வெளியிட்ட தொடரடைவு இன்றும் அத்துறையின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்று. அது விடையன்று, விடை தேடுவோர் அனைவரும் பயன்படுத்தக்கூடிய அடுக்கு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர் அவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவோருக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்தார். சராசரியாக ஐந்து குறிகளே கொண்ட பொறிப்புகள், இருமொழிச் சாசனம் ஒன்றும் இல்லாத நிலை. "நீ படித்தது தவறு" என்று சொல்ல அங்கே ஒரு சிறுமி இல்லை. ஆகவே எவரும் தம் பக்கத்தைத் தாமே உறுதிசெய்துகொள்ள முடிகிறது.

மூன்றாவது 'டியூனிக்'. 2022-ல் வந்தது. ஒரு குட்டி நரி, வாள், கேடயம், அரக்கர்கள் என்று வெளித்தோற்றத்தில் வழக்கமான சாகசம். சண்டைக்காட்சிகளில் நான் பலமுறை செத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சுவையானது, வழியெங்கும் கிடைக்கும் விளையாட்டுக் கையேட்டின் பக்கங்கள் அறியாத எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது. படிக்கத் தெரியாத வயதில் அயல்மொழிக் கையேட்டைப் புரட்டும் குழந்தையின் வியப்பை மீட்டெடுக்கும் முயற்சி அது. எழுத்தைப் படிக்காமலும் விளையாட்டை முடித்துவிடலாம். நான் விடவில்லை. ஒரு வார இறுதி முழுதும் கட்டத்தாள்களோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு குறியிலும் வெளிக்கோடுகள் உயிரொலியையும் உட்கோடுகள் மெய்யொலியையும் காட்டுகின்றன. அடியில் சிறு வட்டம் வந்தால் உயிர் முன்னும் மெய் பின்னுமாகப் படிக்க வேண்டும். ஆங்கில அகரவரிசையோடு மட்டும் வளர்ந்தவருக்கு இந்த இடம் கடினமாக இருந்திருக்கும். மெய்யும் உயிரும் ஒரே வடிவுக்குள் கூடி நிற்பதை ஒன்றாம் வகுப்பிலேயே உயிர்மெய் என்று படித்துவிட்ட நமக்கு அது பழைய வீட்டின் வாசல்.

வாசலைத் திறந்தால் உள்ளே இருந்தது ஆங்கிலம். புதிய எழுத்தே அன்றிப் புதிய மொழி அன்று. முதலில் ஏமாந்தேன், பிறகு நன்றி சொல்லிக்கொண்டேன். எழுத்து வேறு, மொழி வேறு என்ற நம் துறையின் முதல் பாடத்தை இத்தனை உழைப்பு வாங்கிக்கொண்டு சொல்லித்தந்த ஆசிரியர் எனக்கு வேறில்லை. அந்தப் பாடம் வகுப்பறைக்கு வெளியே இன்னும் போய்ச் சேரவில்லை. நான் களப்பணி செய்யும் ஊருக்கு வந்த அலுவலர் ஒருவர், "இதற்கு எழுத்தே இல்லையே, இது வெறும் பேச்சுத்தானே, இதில் என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டார். அதை மூதாட்டியின் முன்னிலையிலேயே கேட்டார். அவருக்கு அந்த அளவு தெலுங்கு புரியும்.

நான்காவது விளையாட்டில்தான் எனக்கு இடம் மாறியது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் பெற்றது. 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதி; அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பாவின் தாய் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைத்து முடிப்பதே ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மணிப்பூரைச் சேர்ந்த என் அறைத்தோழரும் அன்று உடன் அமர்ந்திருந்தார். இயற்பியல் மாணவர். இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் நான் அவரிடம் கருவியைக் கொடுத்தேன். குறிப்பேட்டில் உள்ளதைப் பார்த்தார், நீராவி எப்படி மேலேறும் என்று யோசித்தார், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கினார். தவறு. எனக்குப் பொறுக்கவில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவருக்கு அது தரவு. எனக்கு அது எங்கள் வீட்டு அடுப்படி. நான் ஊகிக்கவே இல்லை, தெரிந்திருந்தது. வாழ்வில் முதன்முறையாக நான் குறிப்பேட்டின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர், "ஏன்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்படித்தான் அடுக்குவார்கள் என்றேன். களத்தில் எத்தனையோ முறை கேட்டுச் சலித்த விடை அது. 'அப்படித்தான் சொல்வோம்.' மறுநாள் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "மேல் தட்டு குழிக்கு நேரா கீழ இருக்கிற இட்லி மாட்டிக்கிட்டா அமுங்கிப் போயிடும்டா. உப்ப எடம் வேண்டாமா? எத்தனை வருஷமா திங்கிறே, இப்பத்தான் கேக்கிறே" என்றார்.

முதல் மூன்று விளையாட்டுகளிலும் மொழி ஒரு பூட்டு. அதைத் திறந்தால் வழி. பேசுவோர் பெரும்பாலும் குறிப்புத் தந்துவிட்டு நிற்கும் உருவங்கள். அவர்களுக்குக் கட்டில் உடைந்ததைப் பற்றிக் கவலையில்லை. நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை. நம் கேள்வியால் சலிப்பதில்லை. "இதை நீ எழுதாதே" என்று மறுப்பதும் இல்லை. செனாரின் பயணி இறுதியில் பிரிந்த மக்களுக்கிடையே மொழிபெயர்த்து அவர்களைச் சேர்த்துவைக்கிறான். அது நெகிழ்ச்சியான முடிவு. ஆயினும் அம்மக்கள் அவனுடைய மொழிபெயர்ப்பை ஒருமுறைகூடத் திருத்துவதில்லை. 'வெண்பா'வில் மட்டும் மொழி பூட்டாக இல்லை. பிற்காலத்தில், தமிழ் சரளமாகப் படிக்க வராத கவின் அம்மாவின் குறிப்பேட்டைக் கையிலெடுக்கும் பகுதியில், அவன் திறக்கத் தவறுவது கதவையன்று, அம்மாவை. அந்த இடைவெளியை எந்தப் பொருத்தமும் உறுதிசெய்து மூடிவிடாது.

"இவை விளையாட்டுகள்தாமே, இவற்றிடம் களப்பணி ஒழுக்கத்தை எதிர்பார்க்கலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எதிர்பார்க்கவில்லை. சரி என்று ஒருபோதும் சொல்லாத விளையாட்டை யாரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடமாட்டார்கள். என் மனக்குறை அவற்றின்மீதன்று. விளையாட்டுக்கு வேண்டிய அந்த உறுதியை நாம் ஆய்வேட்டிலும் விரும்பத் தொடங்கிவிட்டோம் என்பதுதான்.

சென்ற ஆண்டு முன்னேற்ற மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முன், என் சொற்கோவையில் இருநூறுக்கும் மேற்பட்ட சொற்களுக்கு எதிரே கேள்விக்குறி இருந்தது. ஒருமுறை மட்டும் கேட்டவை, ஒரே ஒருவரிடமிருந்து பெற்றவை, சூழலால் ஊகித்தவை. இத்தனை கேள்விக்குறிகளோடு கொடுத்தால் வேலை அரைகுறையாகத் தோன்றும் என்று எனக்கு அறிவுரை சொல்லப்பட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே, ஒரே கட்டளையில், அனைத்தையும் தேடி நீக்கினேன். பக்கங்கள் சுத்தமாகின. கூட்டம் நன்றாக நடந்தது. எழுத்துருவற்ற ஒரு மொழிக்கு அச்சில் வரும் முதல் சொற்கோவைகளுள் ஒன்றாக அது இருக்கக்கூடும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிறுமியின் பேரக்குழந்தை, மொழி கைநழுவிய நிலையில், கவினைப் போல அதை எடுத்துப் புரட்டக்கூடும். அன்று அதைத் திருத்தித்தர மூதாட்டி இருக்கமாட்டார். உடைந்ததைக் கட்டில் என்று அந்தக் குழந்தை நம்பும். நான் அச்சில் அப்படிச் சொல்லியிருப்பதால்.

பழைய கோப்பின் நகல் நல்லவேளையாக இருக்கிறது. இந்த வாரம் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கூடவே, யாரிடம் கேட்டது, எத்தனை முறை கேட்டது, யார் திருத்தியது என்று ஒரு பத்தியும் சேர்க்கிறேன். 'கட்டில்' இருந்த இடத்தில் இப்போது சரியான பொருள் இருக்கிறது. அருகே, திருத்தியவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி என்ற குறிப்பும் இருக்கிறது. அவளுடைய பெயரைச் சேர்க்கலாமா என்று அடுத்த மாதம் போகும்போது அவளிடமும் அவள் வீட்டாரிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அதுவும் ஒரு விடைதான்.

மொழியியல் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணி முறையியல் வகுப்பில் ஒரு வாரம் 'செனா'ரை ஆடவிட்டு, மறுவாரம் மாணவர்களுக்கு அறிமுகமில்லாத மொழி பேசும் ஒருவரை வகுப்புக்கு அழைத்து உட்காரவையுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றி அவர்களையே எழுதச் சொல்லுங்கள். மாணவர்கள் என்றால், ஆடிப் பாருங்கள்; இரவு இரண்டு மணிக்குக் கைதட்டவும் செய்யுங்கள். அதன்பின் உங்கள் சொற்கோவையைத் திறந்து, எந்தப் பக்கத்தை நீங்களே உறுதிசெய்துகொண்டீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்றாம் இயல் இன்னும் முடியவில்லை. நெறியாளர் இதைப் படிக்க நேர்ந்தால், காரணம் மேலே இருக்கிறது.